நாகப்பட்டினம் வழியா, அவனியாபுரம் வழியா?

"கப்பலா, பிளேனா? எதில் டிக்கெட் குறைவு?" இலங்கைக்குப் போகிறேன் என்று சொன்ன உடனே மதுரையில் எல்லோரும் கேட்பது இதைத்தான். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இந்தக் கரையிலும் பாதிப் பேர் அந்தக் கரையிலும் இருப்பதால், விவரம் கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

டிக்கெட் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. இலங்கையில் எந்த ஊருக்குப் போகிறீர்கள்? எந்த மாதம் போகிறீர்கள்? கூட யார் வருகிறார்கள், என்ன சாமான் வருகிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் கப்பலா விமானமா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். விலை அதற்குப் பிறகுதான் வரும். அப்போதும், திரையில் தெரிகிற டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டு வாசலிலிருந்து உறவினர் வீட்டு வாசல் வரை ஆகும் மொத்தச் செலவைக் கணக்குப் போட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். அம்மா பிறந்தது அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மானாமதுரைப் பக்கத்திலிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போன பரம்பரை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களை எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. தாத்தா குடும்பமும் அந்தக் கணக்கிலேயே பிரிந்தது. தாத்தா, பாட்டி, அம்மா மூவரும், தாயகம் திரும்புகிறவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையோடு இந்தியா வந்தார்கள். அம்மாவுக்கு மூத்தவர்களான இரண்டு மாமாக்களும் அதற்குள் கல்யாணமாகித் தனிக் குடும்பமாகியிருந்தார்கள், அவர்கள் அங்கேயே தங்கினார்கள். பெரிய மாமா தோட்டத்தில் இருந்துவிட்டார். சின்ன மாமா 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு திருத்திக் குடியேறினார். ஆகவே எங்களுக்கு இலங்கை என்றால் இரண்டு திசைகள், இரண்டு வழிகள்.

பெரிய மாமா வீட்டுக்குப் போவதில் குழப்பமே கிடையாது. மதுரையிலிருந்து கொழும்புக்கு 2012 செப்டம்பரில் நேரடி விமானம் வந்தது. மதுரை விமான நிலையத்துக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுச் சேவையே அதுதான். பறக்கும் நேரம் சுமார் ஒரு மணி நேரம். அவனியாபுரத்தில் இருக்கும் எங்களுக்கு விமான நிலையம் ஆட்டோ தூரம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலைப் பிடித்தால் அட்டனிலேயே இறங்கலாம். வேன் வைத்துக்கொண்டாலும் அரை நாளுக்குள் மலை ஏறிவிடலாம். கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலையகத்தில் எங்கே போனாலும், கொழும்பிலேயே வேலை என்றாலும் இதே பதில்தான். மலையகத்துக்குப் போகிறவர் கப்பலைப் பற்றி யோசிக்க வேண்டாம். கப்பல் போய் நிற்கும் காங்கேசன்துறை தீவின் வடக்கு நுனி. அங்கிருந்து அட்டனுக்கு வருவதற்குள் இன்னொரு முழு நாள் போய்விடும்.

கிளிநொச்சி, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார் என்று வடக்கே போகிறவர்களின் கதை வேறு. இன்னமும் மதுரையில் பலர், பழகிப்போனது என்பதற்காக, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்பு விமானத்திலேயே டிக்கெட் போடுகிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தெற்கே பறந்து இறங்கி, அப்புறம் இரவெல்லாம் பஸ்ஸில் வடக்கே ஏறி வருவது, பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் சென்னையிலிருந்து மட்டும் விமானம் போனது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. மதுரைக்காரர்களுக்கு உண்மையில் உதவியாக வந்தது 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய திருச்சி–யாழ்ப்பாணம் விமானம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் திருச்சி. அங்கிருந்து ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானத்தில் ஒரு மணி நேரம். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரக் கணக்கிலும் குழப்பம் இல்லை.

அடுத்தது நாகப்பட்டினம் வழி. மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறினால் விடியும் முன் நாகப்பட்டினம். காலையில் கப்பல். கடல் வழி சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கினால் காங்கேசன்துறை, அங்கிருந்து யாழ்ப்பாணம் டவுன் 20 கிலோமீட்டருக்குள். துறைமுகத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அதாவது கப்பலும் விமானமும் உங்களை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இறக்கிவிடுகின்றன. இது முக்கியமான விஷயம், பிறகு இதற்கு வருகிறேன்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 14ஆம் தேதி 'செரியாபாணி' என்ற கப்பலோடு இந்தச் சேவை தொடங்கியபோது கட்டணம் 6,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 7,670. முதல் நாள் மட்டும் சலுகையாக 2,800 ரூபாய் அளவில் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியபோது சாதாரண இருக்கை சுமார் 5,000, உயர் வகுப்பு சுமார் 7,500. விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவது. இருந்தாலும் முன்கூட்டியே பார்த்தால், திருச்சி விமானம் பல நாட்களில் கப்பல் டிக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. கப்பல் என்றாலே மலிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்து மேல்தளப் பயணிகளின் நினைவு அது. இன்றைய வேகக் கப்பல் சிறியது, 150 பேர் அளவில்தான் ஏற முடியும். எரிபொருளை நிறையக் குடிக்கும். 150 பேரிடம் வாங்கும் பணத்தில் எரிபொருள், மாலுமிகள், இரண்டு துறைமுகச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். இந்திய அரசு துறைமுகச் செலவில் கை கொடுக்கிறது, இலங்கை அரசு கப்பல் பயணிகளின் புறப்பாட்டு வரியைக் குறைத்தது. அதற்குப் பிறகும் விலை இந்த அளவில்தான் நின்றது.

பிறகு ஏன் கப்பல்? சாமான். இதை ஒரு குத்துவிளக்கை வைத்துச் சொல்கிறேன்.

சின்ன மாமாவின் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். தாய்வீட்டுச் சீர் மாதிரி ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எழுகடல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினார். ஐந்து முகம், மேலே அன்னம், இடுப்பளவு உயரம். பெண்ணுக்குப் பட்டுச் சேலை, மாமிக்கும் மற்றவர்களுக்கும் சுங்குடிச் சேலைகள், சில்வர் குடம், அப்பளக் கட்டு. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிவைத்துவிட்டுக் கொக்கித் தராசை மாட்டித் தூக்கிப் பார்த்தேன். விளக்கு ஒன்றே கையில் கொண்டுபோகும் பைக்கான ஏழு கிலோவைத் தின்றுவிட்டது.

குத்துவிளக்கைக் கழற்றலாம். அடித்தட்டு தனி, தண்டு மூன்று துண்டு, அகல் தனி, அன்னம் தனி, எல்லாம் திருகுமரை. அம்மா ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேலை மடிப்புக்குள் சுற்றினார். அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஈயம் வார்த்து நிரப்பியிருந்தார்கள். விளக்கு சாயாமல் நிற்பதற்காகச் செய்வது அது. பாதி எடை அங்கேதான். மலிவு விமானத்தில் இதைக் கொண்டுபோவதென்றால் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் தனிப் பணம். கடைசி நேரத்தில் விமான நிலையக் கவுண்டரில் கட்டினால் அந்தக் கணக்கு இன்னும் ஏறும். முன்பு வேறொரு நாட்டுப் பயணத்தில், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு மலிவு விமான நிறுவனத்தின் கவுண்டரில் கைப்பை ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது என்று நிறுத்திவைத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான தம்பதி பெட்டியைத் தரையில் திறந்து, எதை விட்டுவிட்டுப் போவது என்று தெரியாமல் பேரனுக்கு வாங்கிய தின்பண்டப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்கள். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அதை மறக்கவில்லை. மலிவு டிக்கெட் என்பது ஆளுக்கான விலை மட்டுமே. நம் ஊரில் யாரும் உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. போகிற ஆளோடு அவர் கொண்டுபோகும் பையையும் சேர்த்து விலை பார்க்க வேண்டும்.

கப்பலில் சாமானுக்கு இடம் இருக்கிறது. 2023இல் தொடங்கியபோது ஆளுக்கு 50 கிலோ வரை என்று அறிவித்தார்கள். பிறகு விதிகள் மாறின. டிக்கெட் எடுக்கும் நாளில் உள்ள அளவைப் பார்த்துவிட்டு எடுங்கள். நாங்கள் குத்துவிளக்கோடு நாகப்பட்டினம் போனோம்.

ஆனால் அம்மாவைக் கப்பலுக்குச் சம்மதிக்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. கப்பலில் வந்த பெண்தானே, ஆசையாக ஏறுவார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவர் சொன்னார்: "கப்பல் என்றால் எனக்கு ஊரைக் காலி செய்துவிட்டு வந்ததுதான் ஞாபகம் வருகிறது அப்பா. பிளேன் என்றால் போய்விட்டுத் திரும்பி வரலாம்." தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர் அவர். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், மண்டபம் முகாமில் வரிசை. கரையில் நின்று கையசைத்த இரண்டு அண்ணன்களை அவர் மறுபடி பார்க்கப் பல வருடங்கள் ஆயின. கடற்பயணம் என்றால் ஆசையாகப் பேசும் நம்மைப் போன்றவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையகத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கப்பல் என்பது உல்லாசம் அல்ல.

கடைசியில் விளக்குகள்தான் அவரைக் கப்பலில் ஏற்றின. கழற்றிய விளக்கைப் பாதி கொண்டுபோய்ப் பாதியை விட்டுவிட்டு வருவது அபசகுனம் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

நாகப்பட்டினம் துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் சோதனையும் சாமான் சோதனையும் முடிந்து கப்பலில் உட்கார்ந்த பிறகு, ஆற்றுக்குள் மெதுவாக நகரும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. இரண்டு பக்கமும் மீன்பிடிப் படகுகள், வலை காயும் வாடை, பின்னால் கலங்கரை விளக்கம். முகத்துவாரத்தைத் தாண்டியதும் கப்பல் வேகம் எடுக்கிறது. தண்ணீர் கலங்கல் நிறத்திலிருந்து பச்சைக்கும் பிறகு கருநீலத்துக்கும் மாறுகிறது. உள்ளே ஏ.சி. வைத்த பஸ் மாதிரி வரிசை வரிசையாக இருக்கைகள். கப்பலின் பெயர் சிவகங்கை என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னபோது அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நம் மாவட்டத்துப் பேரா வைத்திருக்கிறார்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கரை மறைந்து ஒரு மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கியது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று அடித்தால் அலை நீளமாக எழாது, குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். சிறிய வேகக் கப்பலுக்கு அதுதான் தொல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட இளைஞர்கள்தான் முதலில் பையைத் தேடினார்கள். கப்பல் மேலும் கீழும் ஆடும்போது நுனிகள் அதிகம் ஆடும், நடுப்பகுதி குறைவாக ஆடும். ஆகவே நடுவில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் உட்காருங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறது' என்கிறது, போன் திரையைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. போனை உள்ளே வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி மாத்திரை போடுபவர்கள் ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பயனில்லை. இரண்டு இட்லி போதும், பூரியும் வடையும் வேண்டாம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காங்கேசன்துறைக் கரை தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுங்கச் சோதனையில் பையைத் திறந்த அதிகாரி அன்னத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணமா அம்மா?" என்று தமிழில் கேட்டு, அதே சேலை மடிப்புக்குள் திரும்ப வைத்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு கப்பலின் பெரிய குறையையும் சொல்லத்தான் வேண்டும். விமானத்தைவிடக் கப்பல் மெதுவாகப் போவது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மதுரையிலிருந்து கணக்குப் போட்டால் விமான நிலையக் காத்திருப்பெல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மணி நேரம்தான், அதிலும் பாதியை இரவு பஸ்ஸில் தூங்கிக் கழித்துவிடலாம். குறை என்னவென்றால், கப்பலின் தேதியை நம்பிக் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது.

செரியாபாணி ஓடத் தொடங்கிய ஒரே வாரத்தில் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நின்றது. மறுபடி தொடங்க பத்து மாதம் ஆனது. சிவகங்கையும் 2024 நவம்பரில் மழைக்காலத்துக்காக நின்று, 2025 பிப்ரவரி 22ஆம் தேதிதான் மறுபடி கிளம்பியது. பருவமழைக் கடலில் சிறிய கப்பலை ஓட்டக் கூடாது என்பது சரிதான், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. விமான நிறுவனத்திடம் நிறைய விமானங்கள் இருக்கின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்பலாம், இன்று ரத்தானால் நாளை ஏற்றிவிடலாம். கப்பல் வழியில் ஓடுவது ஒரே கப்பல். அது பழுது பார்க்கப் போனால் வழியே மூடிவிடும்.

கப்பல் கம்பெனிகளின் வரலாறும் நமக்கு இதையே சொல்கிறது. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதன் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். மதுரைக்கும் கொழும்புக் கப்பலுக்கும் உள்ள பந்தம் அவ்வளவு பழையது. காலியா, லாவோ என்ற கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பது பிரசித்தம். இன்றைய மலிவு விமானக் கட்டணப் போட்டியெல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்தப் போட்டியில் நிறையப் பணமும் நிறையக் கப்பலும் வைத்திருந்தவன் ஜெயித்தான். வ.உ.சி. 1908இல் சிறை போனார், சங்கம் சரிந்தது. ஒரு கப்பல், இரண்டு கப்பலோடு சேவை நடத்துகிறவரைச் சந்தையில் தனியாக விட்டால் தாங்க மாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' வந்தது. பெரிய கப்பல், ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், இரவுப் பயணம். மதுரையிலிருந்தும் பலர் ஆசையாகப் போனார்கள். போதிய பயணிகள் இல்லாமல் நவம்பரிலேயே நின்றுவிட்டது. சிறிய கப்பலானால் கடல் விடுவதில்லை, பெரிய கப்பலானால் கூட்டம் நிரம்புவதில்லை.

இவற்றுக்கு நடுவில் ஒரு வழி மட்டும் ஐம்பது வருடம் ஓடியது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுகரையில் காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 'போட் மெயில்' என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் கண் விரியும். அது நிலைத்ததற்குக் காரணம் கடல் தூரம் வெறும் 30 கிலோமீட்டர் அளவில் இருந்தது, ரயிலும் கப்பலும் ஒரே கால அட்டவணையில் ஓடின. பயணிக்கு எந்த இடத்திலும் 'அடுத்தது கிடைக்குமா' என்ற கவலை இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அதற்குப் பிறகும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது, அம்மா வந்தது அதில்தான். 1980களில் போர் அதையும் நிறுத்தியது.

மதுரைக்காரன் என்ற முறையில் என் ஆதங்கம் இங்கேதான். நாகப்பட்டினம் நமக்குச் சுற்று வழி. நமக்கு உரிய வழி இராமேசுவரம். தலைமன்னார் ரயில் பாதை போரில் சிதைந்து, 2015 மார்ச்சில் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டது. மதுரை ஜங்ஷனில் ஏறினால் இராமேசுவரம், தலைமன்னாரில் ஏறினால் மன்னார், மதவாச்சி, அதன் பிறகு தீவு முழுவதும். இரண்டு கரையிலும் தண்டவாளம் தயாராக நிற்கிறது. நடுவில் கப்பல்தான் இல்லை. 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கைகளில் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பேசியதைச் செய்ய வேண்டும். செய்யும்போது திறப்பு விழாவுக்கு ஒரு கப்பல் என்று நிறுத்திவிடாமல், மாற்றுக் கப்பல் ஒன்று, ரயிலோடு சேர்ந்த கால அட்டவணை ஒன்று, மதுரையிலேயே எடுக்கக்கூடிய ஒரே டிக்கெட் ஒன்று, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கட்டணத்தில் 500 ரூபாய் குறைப்பதைவிட, ரத்தானால் எந்த நாளில் ஏற்றுவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதித் தருவது பயணிக்குப் பெரிய உதவி.

அதுவரை நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பயணம் என்றால் கப்பலை நம்பி எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள், திருச்சி விமானத்தில் இடம் பிடியுங்கள். சாவு, ஆஸ்பத்திரி, பரீட்சை என்று தவறக் கூடாத தேதி இருந்தாலும் விமானம்தான். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு, விமான நிறுவனத்திடம் முன்பே சொன்னால் சக்கர நாற்காலி வாசல் வரை வரும். ஆடும் கப்பலில் ஏறி இறங்குவது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கடினம். மாசியிலிருந்து புரட்டாசி வரை, சாமான் அதிகம், குடும்பமாகப் போகிறீர்கள், ஒரு நாள் முன்பின் ஆனாலும் பாதகமில்லை என்றால் கப்பல். எதில் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும், இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்று உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. போகும்போதும் வரும்போதும் ஒரே வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. துறைமுகமும் பலாலியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், போகும்போது சீர்வரிசையோடு கப்பலில் போய், வரும்போது இலேசான பையோடு விமானத்தில் திருச்சிக்கு வரலாம். நாங்கள் அந்தக் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தோம். திரும்பி வரும்போது அம்மாவிடம் இருந்தது ஒரு கைப்பை, அதில் மாமி கட்டிக் கொடுத்த பருத்தித்துறை வடையும், காயவைத்த பனங்கிழங்கான ஒடியலும். கவுண்டரில் தராசு ஐந்து கிலோவுக்கும் கீழே காட்டியது. பலாலியிலிருந்து கிளம்பிய விமானத்தில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, அடுத்த தையில் பெரிய மாமாவைப் பார்க்க எந்தத் தேதியில் கொழும்பு டிக்கெட் போடலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பொங்கல் முடிந்த மறுவாரத்துக்குப் போட்டிருக்கிறேன்.